வேலிக்கு மேலால் வந்த மண்

அந்த வருஷத்துச் சித்திரையில் குருவிகள் சிவப்பு மண்ணோடு வந்தன.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நோர்போக் என்று ஒரு தட்டையான மாவட்டம்; அதில் ஒரு பக்கம் சீனிக்கிழங்குத் தோட்டமும் மற்றப் பக்கம் கடல் ஏறி ஏறி இறங்குகிற சேற்று நிலமுமாக ஒரு சின்ன ஊர்; அந்த ஊரின் ஒரேயொரு பெற்றோல் ஷெட்டுக்கு வருஷா வருஷம் வருகிற அதே தகைவிலான் குருவிகள்தான், தொண்டையில் காவி பூசி, வாலில் இரண்டு கம்பி நீட்டி, பம்புகளுக்கு மேலே போட்ட தகரக் கூரையின் மடிப்புகளில் கூடு கட்டி, வருகிற போகிற கார்களில் எச்சம் போட்டு, குஞ்சு பொரித்து, கோடை முடியப் போய்விடுகிற அதே கூட்டம். வழக்கமாகக் கூடு சேற்று நிலத்தின் சாம்பல் நிறத்தில் இருக்கும். இந்த முறை சிவப்பு. மழை விழுந்தவுடன் செருப்பில் ஏறி, கழுவின நிலத்தில் பதிந்து, அம்மாமாரிடம் பேச்சு வாங்கித் தருகிற சிவப்பு.

ஷெட்டை நடத்துகிற குகதாசன் காலையில் கூட்டுவதற்கு வெளியே வந்து, இரண்டாம் பம்பின் தலையில் விழுந்து கிடந்த ஒரு மண் உருண்டையை எடுத்து, பெருவிரலால் நசுக்கி, மணந்து, நாக்கில் வைத்தார். அவருடைய மகள் யதுஷா கவுன்ரரில் இருந்து கண்ணாடியூடாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயதில், இனிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்து கவுன்ரரில் குந்தினவள். அவளுக்கு ஒரு குணம்: கண்டதைக் கண்டபடி சொல்லிவிடுவாள், சொன்ன பிறகுதான் யோசிப்பாள், அதுவும் எப்போதாவது. வெளியே போய், அப்பா, நீங்கள் குருவிப் பீயைத் தின்னுகிறீர்கள் என்றாள்.

"இது இத்தியடி மண்," என்றார் அப்பா.

இத்தியடி என்பது காணியின் பேர். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஆட்களைப் போலவே பேர் இருக்கும். இத்தியடி வலிகாமத்தின் வடக்கே வெங்காயமும் புகையிலையும் போட்ட தோட்டம்; தொண்ணூறாம் ஆண்டு ஒரு நாள் சமைத்த சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு எல்லாரும் ஓடி வந்த பிறகு இராணுவம் அதைச் சுற்றிக் கம்பி போட்டது, இன்னும் விடவில்லை. யதுஷா அதைப் போன் வரைபடத்தில் மேலிருந்து பார்த்திருக்கிறாள். ஒரு தகரக் கொட்டகை, நிறையப் பற்றைக்காடு. அதற்காக அப்பா ஏன் பெருமூச்சு விடுகிறார் என்று அவளுக்கு ஒருநாளும் விளங்கினதில்லை.

மண் எப்படி வந்தது என்று ஒருத்தரும் பெரிதாகக் கேட்கவில்லை. தபால்காரியாக இருந்து இளைப்பாறின ஹேஸல் மட்டும், மற்றப் பெண்கள் சங்கிலி போடுவது போலக் கழுத்தில் எந்நேரமும் தூரக்கண்ணாடி போட்டிருக்கிறவள், இந்தக் குருவிகள் மாரிக்குத் தென்னாபிரிக்காவுக்கல்லவா போகிறவை, இலங்கைக்கு என்ன அலுவலாகப் போயின என்று கேட்டாள். வருகிற வழியில் இறங்கியிருக்கும் என்றார் அப்பா. ஒரு கிழமை கழித்து ஒரு கூட்டின் விளிம்பில் வெங்காயத் தாள் பச்சையாக முளைத்தபோது ஹேஸல் அண்ணாந்து பார்த்தாள், சரி, இந்த வருஷம் சுற்றி வந்திருக்கின்றன என்றாள், குயில் கூவுகிற காலம் தொடங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு நாணல் பக்கமாக நடந்தாள். ஹேஸலுக்கு மாதங்கள் கிடையாது. குருவி வருகிற காலம், குயில் கூவுகிற காலம், உழவாரன் கத்துகிற காலம், வாத்து இறங்குகிற காலம், அவ்வளவுதான்.

பிறகு சனம் வரத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நோரிச்சிலிருந்தும் பீற்றர்பரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தார்கள், பெற்றோல் நிறைந்திருந்த காருக்கே இன்னும் கொஞ்சம் அடிக்கப் பார்த்தார்கள், கூரைக்குக் கீழே கைகட்டி நின்றார்கள், உதிர்ந்த மண்ணைத் தொட்டுத் திருநீறு மாதிரி நெற்றியில் இட்டார்கள். ஒரு கிழவர் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, தன் காணி கட்டுவன் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே என்றும், குருவிகளை அங்கேயும் ஒருக்கால் இறங்கிப் பார்க்கச் சொல்ல முடியுமா என்றும் கேட்டார். சொல்லிப் பார்க்கிறேன் என்றார் அப்பா. கிழங்கு லொறிக்காரர்கள் ஷெட்டுக்குள் மெதுவாக ஓட்டப் பழகினார்கள். விவசாயக் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி வந்து, வெளிநாட்டு மண் நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொல்லி, கொண்டுவந்தது யார் என்று கேட்டார். யதுஷா மேலே காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றுவிட்டு ஒரு சொக்லேற் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இராசமலர் மாமி சனிக்கிழமைகளில் வந்தா. மாமி அப்பாவின் அக்கா. புருஷன் செத்தபிறகு, ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற பட்டினத்தில் தனியே இருந்து, வான்கோழித் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறவ. யதுஷாவின் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை என்பதால், யதுஷாவுக்குத் தலைவாரி இழுத்ததும், சோறு குழைத்துத் தீத்தினதும், பள்ளிக்கூடத்தில் அவளைத் தள்ளிவிட்ட பெட்டையின் தாயைப் பிடித்து விறாண்டாத குறையாகக் கதைத்ததும் மாமிதான். படிப்பை விட்டபோது வீடே செத்தவீடு மாதிரி இருக்க, மாமி மட்டும், படிக்காட்டி என்ன, வாய் இருக்குத்தானே, உந்த வாயை வைச்சு நாலு கடை நடத்தலாம் என்று சிரித்தா. உலகத்தில் ஒரு ஆளோடுதான் சேர்ந்து இருக்கலாம் என்று யாரும் சட்டம் போட்டால் யதுஷா அம்மாவையும் அப்பாவையும் விட்டுவிட்டு மாமியின் பெயரைச் சொல்லியிருப்பாள். அதைச் சொல்லியும் இருக்கிறாள், அம்மாவுக்கு முன்னாலேயே.

மாமி மடக்குக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து மூன்றாம் பம்புக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தா. அப்பா தேத்தண்ணியோடு வெளியே வந்து நிற்பார். இரண்டு பேரும் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்ததையும், வெங்காயம் காய்ந்த மணத்தையும், கிணற்றுக்குள் விழுந்த ஆட்டுக்குட்டியையும் கதைப்பார்கள். குருவிகள் ஷெட்டின் ஒரு வாசலால் புகுந்து தலைகளுக்கு மேலாக அம்பு மாதிரிப் போய் மறு வாசலால் வெளியேறும். ஹேஸல் கூடுகளைத் தொடக்கூடாது, தொட்டால் சட்டம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போவாள். குருவிக்குச் சட்டம் வைச்சிருக்கிறாங்கள், வான்கோழிக்குத்தான் ஒருத்தருமில்லை என்று மாமி சொல்லுவா. யதுஷா கண்ணாடிக்கு உள்ளே இருந்து பார்த்து, ஒரு தோட்டம் என்றால் இதுதானாக்கும், இவ்வளவு சிரிப்பாக்கும் என்று நினைத்தாள். அவள் பிறந்ததிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கோபமாகக் கதைத்ததை அவள் கண்டதில்லை.

வைகாசி முடிகிற சனிக்கிழமை, நடுக் கூட்டில் ஒரு கிளுவைக் கதியால் தழைத்தது.

கதியால் என்றால் வேலிக்கு நடுகிற உயிர்க்கம்பு. வெட்டி நட்டால் வேர் பிடித்து மரமாகும். யாழ்ப்பாணத்து எல்லையெல்லாம் அப்படி உயிரோடு நிற்பவைதான். ஈர்க்குத் தடிப்பில் ஒரு குச்சியை எந்தக் குருவியோ மண்ணோடு கொண்டுவந்திருக்க வேண்டும். இரண்டாம் பம்புக்கும் மூன்றாம் பம்புக்கும் நடுவே அது மூன்று இலை விட்டு நின்றது. மாமி கதிரையை விட்டு எழும்பினா.

"உது என்ர எல்லைக் கதியால்," என்றா.

"எல்லைக் கதியால்தான்," என்றார் அப்பா. "ஆனால் அது நிண்ட இடம் அதில்லை. அத்தான் ஒரு முழம் என்ர பக்கம் தள்ளி நட்டது எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ, அக்கா?"

"செத்த மனிசனை இழுக்காதை, தம்பி. நகர்த்தினது நீ."

அவ்வளவுதான். நாலு பரப்புக் காணி மாமிக்குச் சீதனமாகக் கொடுத்தது, மிச்சம் அப்பாவுக்கு என்று விட்டது, நடுவில் போட்ட வேலி, அந்த வேலி ஒரு மாரிக்குப் பிறகு ஒரு முழம் விலகி நின்றது, அதனால் ஊரை விட்டு ஓடும்வரை இரண்டு வீடும் கதைக்காமல் இருந்தது, எல்லாம் பெற்றோல் மணக்கிற அந்தக் கூரைக்குக் கீழே நேற்று நடந்த மாதிரி எழும்பி நின்றன. காணி இல்லாத காலம் முழுக்க இல்லாமல் இருந்த சண்டை காணி வந்தவுடன் வந்துவிட்டது. கதியாலுக்குக் கிழக்கே இருக்கிற கூடெல்லாம் தன்னுடையது என்றா மாமி. கிழக்கே இருக்கிற கூட்டிலும் தன் வெங்காயப் பாத்தி மண் இருக்கிறது, நிறத்தைப் பார் என்றார் அப்பா.

யதுஷா வெளியே வந்து, குருவி இரண்டு பக்கத்தாலும் கிள்ளித்தானே கொண்டுவருகிறது, ஒரு கூட்டுக்குள்ளேயே இரண்டு மண்ணும் கிடக்கும், எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டாள். அன்று முழுக்க அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்: ஒரே நேரத்தில் திரும்பி, நீ சும்மா இரு என்றார்கள்.

சனமும் பிரிந்தது. மாமி சொல்வது நியாயம் என்றவர்கள் மூன்றாம் நாலாம் பம்பில் எண்ணெய் அடித்தார்கள், அப்பா சொல்வது நியாயம் என்றவர்கள் முதலாம் இரண்டாம் பம்பில் அடித்தார்கள், லண்டனிலிருந்து ஒரே காரில் வந்த ஒரு புருஷனும் பெண்சாதியும் எந்தப் பம்பில் நிறுத்துவது என்று முடிவாகாமல் திரும்பிப் போனார்கள். கிழங்கு லொறிக்காரர்களுக்கு இது சொல்லாமலே விளங்கியது. அவர்களுக்குள்ளும் ஒரு வாய்க்காலுக்காகப் பாட்டன் காலத்திலிருந்து முகம் பார்க்காத ஆட்கள் இருந்தார்கள். அவர்களும் பக்கம் எடுத்தார்கள். ஊர் அதைச் செரித்துக்கொண்டது, கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் செரித்துக்கொள்வது போல.

ஆனி மாதத்தில் மாமி, அப்ப பிரிச்சுத் தா என்றா. அப்பா கோழிக்கூட்டுக் கம்பிவலை வாங்கி வந்தார்.

ஏணியைப் பிடித்தது யதுஷா. ஹேஸல் சைக்கிளை வீதியில் போட்டுவிட்டு ஓடிவந்து, இரண்டாம் முறை முட்டை வைத்து அடைகாக்கிற நேரம் இது, கொஞ்சம் பொறு என்று கெஞ்சினாள். நான் கூட்டைத் தொடவில்லை, வேலிதான் போடுகிறேன், வேலி போடுவது குற்றமா என்று அப்பா ஏணியின் மேலிருந்து கேட்டார், யாழ்ப்பாணத்தான் ஒருவன் உலகத்தின் எந்த மூலையிலும் கேட்கக்கூடிய கேள்வி. கூரையிலிருந்து பம்பின் தலை மட்டத்துக்கு வலை தொங்கியது. மாமி வந்து முழங்கையால் அளந்து, அரை முழம் அங்காலே தள்ளு என்றா. அப்பா தள்ளினார். மாமி பஸ் ஏறினவுடன் திரும்ப இங்காலே இழுத்தார். யதுஷா ஏணியை விட்டுவிட்டு, உங்கள் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனால் போனது வலை கட்டி முடிந்த பிறகு.

குருவிகளுக்கு வேலி தெரியாது. எத்தனையோ தலைமுறையாக ஒரு வாசலால் புகுந்து மறு வாசலால் போன பாதை அது. அலகில் பூச்சியோடு அதே வேகத்தில் வந்தன, கடைசி நொடியில் கண்டு மடங்கின, சில மடங்கவில்லை. ஒன்று கம்பியில் சிக்கித் தொங்கியபோது யதுஷா கதிரையில் ஏறி அதை எடுத்தாள். கைக்குள் ஒரு சிட்டிகை தேயிலைத் தூளின் பாரம். அதற்குள் ஒரு நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. இந்தளவு சாமானா இவ்வளவு தூரம் ஒரு தோட்டத்தைச் சுமந்தது என்று நினைத்தாள். விரலைத் திறந்தாள், அது போனது, திரும்பி வரவில்லை. அடுத்த நாள் கொஞ்சம் குறைந்தன. ஆடி பிறந்து, உழவாரன்கள் இன்னும் தேவாலயக் கோபுரத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்த ஒரு காலையில், போகிற காலம் வருவதற்கு முன்னமே, எல்லாம் போய்விட்டன. கூடுகளில் முட்டைகள் குளிர்ந்து கிடந்தன. அந்த முட்டைகள் வேலிக்கு எந்தப் பக்கத்தவை என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மாமி வருவதை நிறுத்தினா. நீதான் துரத்தினாய் என்று மாமி சொன்னது அம்மா மூலமாக அப்பாவுக்கு வந்தது, பிரித்துக் கேட்டவள் அவள் என்று அப்பா சொன்னது அம்மா மூலமாக மாமிக்குப் போனது. கதிரை மடங்கி, அடுப்புக்கரிப் பைகளுக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. வலையும் கிடந்தது, ஏனென்றால் வேலியை முதலில் எடுக்கிறவன் தோற்றவன். இதை யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

புரட்டாசியில் வாத்துகள் வந்தன, வடக்கே பனி நாட்டிலிருந்து, வானம் முழுக்கக் கோடு கோடாக, நாய்க்கூட்டம் தூரத்தில் குரைக்கிற சத்தத்தோடு வந்து, கிழங்கு வெட்டின வயல்களில் மிச்சத் தலைகளைத் தின்ன இறங்கின. அப்பா விடிய எழும்பி வயல் கரையில் போய் நின்று அவற்றின் கால்களைப் பார்த்தார். இளஞ்சிவப்புக் கால்கள், சேறு மட்டும் ஒட்டியிருந்தது. கார்த்திகையில் நாணலுக்கு மேலே ஸ்டார்லிங் குருவிகள் பொழுதுபடுகிற நேரம் புகை மாதிரி எழும்பிச் சுருண்டு விழுந்தன, அதைப் பார்க்க வந்த சனம் கூட்டைப் பார்க்க வரவில்லை. மார்கழியில் ஒரு ராபின் குருவி கம்பிவலையின் மேல் விளிம்பில் குந்தியிருந்து, முதலில் அப்பாவின் பக்கமும் பிறகு மாமியின் பக்கமும் பார்த்துப் பாடியது. வெங்காயத் தாள் மஞ்சளாகி விழுந்தது. கதியால் கறுத்தது. உறைபனி கூடுகளை வெடிக்க வைத்து, சிவப்பு மண் ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொட்டியது. காலையில் யதுஷா விளக்குமாற்றை எடுத்து அதைக் கூட்டி ஒரு மைலோத் தகரப் பேணிக்குள் போட்டாள்.

தை மாதத்தில் அம்மா செய்தி கொண்டு வந்தா. மாமி கனடாவுக்கு, மகனோடு இருக்கப் போகிறா, ஒரேயடியாக. அப்பா, போகட்டும் என்றார். பிறகு ஒரே பம்பை இரண்டு தரம் துடைத்தார். மாமி வெளிக்கிடுகிற கிழமை அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தா, ஹேஸல் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், அப்பா போகவில்லை. யதுஷா கவுன்ரரைச் சும்மா விட்டுவிட்டு, பேணியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மாமியின் வீட்டில் பெட்டிகள் கட்டியாயிற்று. மாமி பேணியைத் திறந்து மணந்து பார்த்தா.

"எந்தப் பக்கத்து மண்ணடி?"

"தெரியாது மாமி. கூட்டித்தான் அள்ளினனான்."

மாமி பேணிக்குள் விரலை விட்டு மண்ணைக் கிளறிப் பார்த்தா. பிறகு மூடியைப் போட்டு, கனடாவுக்கு மண் கொண்டு போகவிடமாட்டாங்கள் பிள்ளை, எயார்போட்டிலை பிடுங்கிக் குப்பையிலை போடுவாங்கள் என்று சொல்லி, பேணியைத் திருப்பிக் கொடுத்தா. வெளியே வான்கோழி லொறி ஒன்று போனது. அப்பா சொல்வது உண்மையா, மாமா வேலியை நகர்த்தினவரா என்று யதுஷா நேரடியாகவே கேட்டாள். வேறு மாதிரிக் கேட்க அவளுக்குத் தெரியாது.

"வேலியை ஒருத்தரும் நகர்த்தேல்லை," என்றா மாமி. "கதியால் உயிருள்ள சாமான். வெயில் பக்கம் சாய்ஞ்சுதான் வளரும். எங்கடை பக்கம் புளியமரம் நிழல், உன்ர கொப்பன்ர பக்கம் வெளி. அது அங்காலே சாய்ஞ்சுது. எனக்கு அப்பவும் தெரியும். அவனுக்கும் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு சண்டையும் பிடிச்சனீங்கள்?"

"காணி இருந்ததடி," என்றா மாமி. "காணி இருந்தால்தானே எல்லைக்குச் சண்டை பிடிக்கலாம். எத்தினை வருஷத்துக்குப் பிறகு எனக்கொரு காணி இருந்தது."

 பேணியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்த பஸ்ஸில், யதுஷாவுக்குத் தான் ஏணியைப் பிடித்தது ஞாபகம் வந்தது. விட்டிருந்தால் வலை விழுந்திருக்கும், அப்பாவும் விழுந்திருப்பார், பரவாயில்லை, ஒரு கால் முறிந்தாலும் கட்டலாம். வெளியே வயல்களில் வாத்துகள் வடக்கே திரும்பத் தலையை நீட்டிக்கொண்டு நின்றன.

மாமி சொன்னதை அவள் வீட்டுக்கு வந்து, உடுப்பு மாற்ற முதலே, அப்பாவிடம் சொன்னாள். அப்பா வெளியே போய் மூன்றாம் பம்பைத் துடைத்தார். அன்று இரவு மாமியின் விமானம் கடலைக் கடந்தது.

பங்குனியில், சேற்று நிலத்துக்கு மேலே வானம்பாடிகள் ஏறிப் பாடத் தொடங்கிய ஒரு நாள், அப்பா தானே ஏணியைச் சாத்தி ஏறி வலையை அறுத்தார். ஒருத்தரையும் பிடிக்கக் கூப்பிடவில்லை. கூரையின் இரண்டு வாசலும் திரும்ப ஒன்றையொன்று பார்த்தன. அப்பா தினமும் அண்ணாந்தபடி பம்புகளைத் துடைத்தார், வாடிக்கைக்காரர் கேட்ட சிகரெட்டுக்குப் பதிலாக வேறு சிகரெட் கொடுத்தார், சித்திரை பிறந்தது, ஹேஸல் சைக்கிளில் வந்து கடற்கரையில் முதல் குருவியைக் கண்டதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

வந்தது ஒரேயொரு சோடி. கூடு கட்டத் தொடங்கின. அப்பா கீழே விழுந்த முதல் உருண்டையை எடுத்து நசுக்கி, மணந்து, நாக்கில் வைத்தார். யதுஷா கேட்கத் தேவையிருக்கவில்லை, நிறமே தெரிந்தது. சாம்பல். இந்த ஊர்ச் சேறு. பழைய கூட்டின் உடைந்த அடியை வைத்துத்தான் கட்டின, அதனால் அடியில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு மிஞ்சியிருந்தது.

யதுஷா போனை எடுத்து, மாமி இருக்கிற ரொறன்ரோவுக்கு அடித்து, மணி போகும்போதே அப்பாவின் கையில் திணித்து, கதையுங்கோ என்றாள். அவர் போனில் எதையோ மாறி அமத்த, மாமியின் குரல் ஷெட் முழுக்கக் கேட்டது. யது, யது என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, மூச்சுச் சத்தத்திலேயே ஆளை அறிந்து, மாமி நிறுத்தினா. 

"வந்திட்டினமோ, தம்பி?"

"வந்திட்டினம், அக்கா. மண் இந்த ஊர் மண்தான்."

 ஒரு குருவி அலகில் சேற்றோடு ஒரு வாசலால் புகுந்து, கூட்டில் அப்பிவிட்டு, மறு வாசலால் போனது.

"எந்தப் பக்கத்திலை கட்டினம்?" என்று கேட்டா மாமி.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். கூடு முதலாம் பம்புக்கு நேர் மேலே இருந்தது. யாருடைய முழங்கையால் அளந்தாலும், வேலியை எந்தப் பக்கம் தள்ளினாலும், அவருடைய பக்கம்.

"உன்ர பக்கத்திலைதான், அக்கா," என்றார்.

யதுஷா வாயைத் திறந்தாள். பிறகு உள்ளே போய், கரிப் பைகளுக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையை எடுத்துத் தூசி தட்டி, கொண்டுவந்து, மூன்றாம் பம்புக்குப் பக்கத்தில், மேலே ஒன்றுமில்லாத வெறும் தகரத்துக்குக் கீழே, விரித்து வைத்தாள்.